வெள்ளை நாய்களின் நிழல்

“எங்க வீட்டு வெள்ளைக்குள்ள உங்க வீட்டு நாய் கரியைக் கரைச்சு ஊத்திட்டு, மதினி. எங்க தாத்தா காலத்துல இருந்து பால் மாதிரி காப்பாத்தி வச்ச வம்சம். இனி நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நாலு பேர் முன்னால நிப்பேன், சொல்லுங்க.”

தவசிக்கனி இதையே, ஒரு சொல் கூட்டாமல் ஒரு சொல் குறைக்காமல், மறுபடியும் சொன்னார்; முதலில் வாசலில் நின்று சொன்னார், அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார், இப்போது காப்பியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார், குடித்த காப்பிக்காவது புதிதாக ஒரு வார்த்தை சேர்க்கக்கூடாதா என்று புஷ்பகனிக்கு எரிச்சலாக வந்தது.

இரண்டு பேருக்கும் நடுவில், முற்றத்துச் சிமெண்டுத் தரையில், ஒரு பனையோலைக் கூடை இருந்தது. அதற்குள் கண் திறக்காத குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. கறுப்பு இருந்தது, செவலை இருந்தது, புலிவரி இருந்தது, வெள்ளை மட்டும் இல்லை. கூடையை ஒட்டிப் படுத்திருந்த தாய் அல்லி, வாலிலிருந்து மீசைவரை வெள்ளை. வாசலில் நின்ற சுமை ஆட்டோவில், சாட்சி சொல்லக் கூட்டிவந்த ஆள் மாதிரி முறைத்துக்கொண்டு நின்ற தகப்பன் நாய் கலெக்டரும் வெள்ளை. கூடைக்குப் பின்னால் பெட்டியும் கையுமாக நின்றவள் நித்யகலா, புஷ்பகனிக்கு ஒரே மகள், தவசிக்கனிக்கு மருமகள், ஐந்து மாசக் கர்ப்பிணி. வளைகாப்பு முடிந்து ஏழாம் மாசம் மேளதாளத்தோடு தாய்வீட்டுக்கு வரவேண்டியவளை, இப்போதே நாயோடும் குட்டிகளோடும் சேர்த்து ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியிருந்தார் மாமனார்.

“நாய் தெருவெல்லாம் சுத்திட்டு வந்திருக்கு, அதை உங்க வாயால ஒத்துக்கிடுங்க. குட்டிகளை உங்க கையாலயே ஊருக்கு அனுப்பிடுங்க. மறுநாளே கலாவைக் கூட்டிட்டுப் போக நானே வாரேன். இல்லன்னா அவ இங்கனயே இருக்கட்டும்,” என்றார்.

ஊருக்கு அனுப்புவது என்றால் என்ன என்பது மலையடிவாரத்தில் இருக்கும் சாத்தனேரியில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அந்த ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அதன் வெள்ளை வேட்டை நாய்கள்தான், வெளியூர்க்காரர்கள் கார் போட்டுக்கொண்டு வந்து வாங்கிப் போகிற நாய்கள். ஆகவே எப்போதாவது ஒரு பெட்டை வேலி தாண்டி, ஈற்றில் நிறமுள்ள குட்டி ஒன்று விழுந்துவிட்டால், அது கண் திறக்கும் முன்னால் சாக்கில் போட்டுக் கல்லையும் கட்டி ஏரிக்குப் பின்னால் இருக்கும் பாழுங்கிணற்றில் போட்டுவிடுவார்கள், யாராவது கேட்டால் குட்டி ஊருக்குப் போயிருக்கிறது என்பார்கள். கண் திறந்துவிட்டால் போடக்கூடாது, அது பாவம். கண் மூடியிருந்தால் பாவம் இல்லை. புஷ்பகனியும் அந்தச் சாக்கின் வாயைப் பலமுறை கட்டியிருக்கிறாள், கட்டிவிட்டு வந்து கையைக் கழுவி இட்லிக்கு அரிசி ஊறப்போட்டிருக்கிறாள், அதனால் அவளுக்குக் குட்டிகள்மேல் இரக்கம் பொங்கி வழிந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவளுக்குப் பிடிக்காமல் போனது அந்த முதல் பாதிதான். இன்றைக்கு நாய் சுற்றிவிட்டு வந்தது என்று ஒத்துக்கொண்டால், அதே நாக்கு நாளைக்கு நாய்க்குச் சொந்தக்காரியைப் பற்றி என்ன சொல்லும் என்று கணக்குப் போட அவளுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

“அண்ணாச்சி, நம்ம ஊர் வழக்கம் என்ன?” என்றாள்.

வழக்கம் இதுதான். சாத்தனேரியில் பெண்ணைக் கட்டிக் கொடுத்தால் நகையோடும் பாத்திரத்தோடும் ஒரு வெள்ளைப் பெட்டைக் குட்டியும் கூடையில் போகும், கூடைக்குட்டி என்று அதற்குப் பெயர். அது பருவத்துக்கு வந்ததும் அதைப் பெண்ணின் தாய்வீட்டுக்கே கொண்டுவந்து, தாய்வீட்டுக் கடுவனோடுதான் சேர்ப்பார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, கேட்டுக்கொண்டிருக்க யாருக்கும் நேரமும் இல்லை. இப்படியாக ஏரியின் வடகரைப் பெண்கள் தென்கரைக்கும் தென்கரைப் பெண்கள் வடகரைக்கும் வாழப் போய், பெற்றுப் பெருகி, சண்டை போட்டு, கிழவியாகி, செத்தும் போனார்கள். நாய்களின் ரத்தம் மட்டும் ஒரு தடவைகூடக் கரை தாண்டிக் கலக்கவில்லை. தவசிக்கனிதான், நாய் வளர்ப்போர் சங்கத்துத் தலைவர் என்ற தலைக்கனத்தில், என் வீட்டில் கலெக்டர் இருக்கும்போது அடுத்த வீட்டுக் கடுவனைத் தேடி நான் எதற்கு ஆட்டோ பிடிக்க வேண்டும் என்று அல்லியைத் தன் கடுவனோடேயே சேர்த்தார்.

“வழக்கத்தை மீறினது நீங்க. பழி மட்டும் எங்க நாய்க்கா?”

“ரெண்டும் வெள்ளை மதினி! வெள்ளையும் வெள்ளையும் சேந்தா கறுப்பு எங்கன இருந்து வரும்?”

புஷ்பகனி பாளையங்கோட்டையில் கான்வென்ட் விடுதியில் இருந்து படித்தவள். அங்கே ஒரு சிஸ்டர் கரும்பலகையில் கட்டம் கட்டமாகப் போட்டு, வெள்ளைப் பூச்செடியையும் வெள்ளைப் பூச்செடியையும் சேர்த்து ஊதாப் பூ வரவழைத்துக் காட்டினார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் அதை மந்திரம் என்று நினைத்துப் பேந்தப் பேந்த விழிக்க, புஷ்பகனிக்கு மட்டும் இதில் என்ன இருக்கிறது, சமையற்கட்டில் தினமும் நடக்கிறதுதானே என்று தோன்றியது. கல்யாணமான பிறகு அந்தக் கட்டங்கள் கோலத்துக்குத்தான் பயன்பட்டன. இப்போது அவள் அதைத்தான் சொன்னாள், முட்டாள் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி, நிறுத்தி நிறுத்தி.

“ஒரு வீட்டுல தோசை மாவு இருக்கு, கேஸ் தீந்துபோச்சு. தோசை உண்டா?”

“இல்ல.”

“இன்னொரு வீட்டுல கேஸ் இருக்கு, மாவு இல்ல. தோசை உண்டா?”

“இல்ல.”

“ரெண்டு வீட்டுத் தட்டும் வெறுந்தட்டு. பாக்கிறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆனா அந்த வீட்டு மாவும் இந்த வீட்டு கேஸும் ஒரே அடுப்பங்கரைக்கு வந்துட்டா? நம்ம வெள்ளை அதுதான் அண்ணாச்சி. நெறம் இல்லாம இல்ல. எங்க வீட்டுல ஒண்ணு கொறையுது, உங்க வீட்டுல வேற ஒண்ணு கொறையுது. சேந்ததும் ரெண்டும் நெறைஞ்சு போச்சு. நாய் எங்கயும் சுத்தல.”

தவசிக்கனி கொஞ்சநேரம் யோசித்தார். “அப்ப எங்க வீட்டுல மாவு இல்லங்கியளா?” என்று எழுந்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் அல்லி எழுந்து சோம்பல் முறித்துக்கொண்டு தண்ணீர்ச் சட்டியை நோக்கி முற்றத்து வெயிலுக்குள் நடந்தது. சாயங்கால வெயில், மேற்கிலிருந்து சாய்வாக விழுந்த வெயில். அதில் அல்லியின் நிழல் நீளமாகத் தரையில் விழுந்தது, விழுந்த நிழல் நன்னாரி சர்பத்தின் நிறத்தில், நல்ல திக்காகக் கலக்கின சர்பத்தின் நிறத்தில் இருந்தது. நாலு காலும் வாலும் செவலை. காதின் நிழலில் விளிம்பு மட்டும் கொஞ்சம் கறுத்திருந்தது.

“தரை கறை பிடிச்சுக் கெடக்கு,” என்றார் தவசிக்கனி.

“இப்பத்தான் பினாயில் போட்டுக் கழுவுனேன்,” என்றாள் புஷ்பகனி. அவளுக்கு அன்றைக்கு வந்த கோபங்களிலேயே பெரியது அதுதான். அவள் துடைப்பத்தை எடுத்துவந்து தேய்த்தாள், நாய் நகர்ந்தது, கறையும் நகர்ந்தது. பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்த அவள் கணவர் ஆதிலிங்கம் தலையைத் தூக்கி, “அது நிழலு,” என்றார். அன்றைய சண்டையில் அவர் பேசிய ஒரே வாக்கியம்.

அல்லியைக் கண்ட கலெக்டர் ஆட்டோவிலிருந்து குதித்து வந்தது. அதன் நிழல் கரிச்சட்டியின் அடிபோலக் கறுத்து, கறுப்பின் குறுக்கே குங்குமப்பூ வரிகளோடு, ஒரு சிறிய புலி படுத்துக் கிடப்பதுபோலத் தரையில் கிடந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். பிறகு கூடையைப் பார்த்தார்கள். தவசிக்கனி கலெக்டரின் கழுத்துப் பட்டையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றி, தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டு கிளம்பிப் போனார். ஆனால் மருமகளை ஏற்றிக்கொண்டு போகவில்லை.

இருட்டுவதற்குள் ஊரிலுள்ள வெள்ளை நாய்கள் எல்லாவற்றுக்கும் நிழலில் நிறம் வந்துவிட்டது, அல்லது எப்போதும் இருந்த நிறத்தை அன்றைக்குத்தான் ஊர் குனிந்து பார்த்தது. வடகரை நாய்களின் நிழல் பெரும்பாலும் செவலை, தென்கரை நாய்களின் நிழல் பெரும்பாலும் புலிவரி, சிலதுக்குச் சாம்பல், சிலதுக்குப் புகையிலை நிறம். தெருநாய்களின் நிழல் மட்டும் எப்போதும் போலவே இருந்தது, ஒளித்துவைக்க அவற்றிடம் ஒன்றும் இல்லை என்பதுபோல.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், மின்வெட்டை எடுத்துக்கொள்வதுபோல எடுத்துக்கொண்டது: இரண்டு நாள் புலம்பல், அப்புறம் அதற்கேற்றபடி வேலைகளை மாற்றி வைத்துக்கொள்வது. நாய் விற்கிறவர்கள் வெளியூர்க்காரர்களை உச்சி வெயிலுக்கு வரச்சொன்னார்கள், நிழல் வயிற்றுக்கடியிலேயே சுருண்டு கிடக்கிற நேரம் அது. வாங்க வருகிறவர்களோ, விவரம் தெரிந்த பிறகு, வேலை இருக்கிறது சாயங்காலம் வருகிறோம் என்று இழுத்தார்கள். விற்கிறவர்கள் வாசலில் பந்தல் போட்டார்கள். வாங்குகிறவர்கள் டார்ச் லைட் கொண்டுவந்தார்கள். நிழல் பார்த்துச் சொல்வதற்கென்றே ஒருவர் கிளம்பினார், கறிக்கடையில் தராசு பிடித்துக்கொண்டிருந்தவர், நாயை வெயிலில் நிறுத்திச் சுற்றிவந்து ‘உள்ளுக்குள்ள சாம்பல் ஓடுது’ என்பார், அதைக் கேட்டவர்கள் முகத்தில் மகனுக்குச் சர்க்கரை வியாதி என்று கேட்டதுபோல வாட்டம் தெரியும். ஜவுளிக்கடைக்காரர் அல்லியின் நிழல்மேல் ஒரு கெஜம் துணியை விரித்து வைத்துச் சாயக்காரரிடம் காட்டி, சித்திரைத் திருவிழாவுக்கு அந்த நிறத்தில் சேலை இறக்கினார், அதற்குக் கிராக்கி இருந்தது. டிவிக்காரர்கள் வந்தார்கள். கேமராவில் விழுந்தது வெறும் கறுப்பு நிழல்தான் என்பதால் ஊரையே ஒருமாதிரி பார்த்துவிட்டு, பரோட்டா சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நம்ம விஷயம் நம்மோடு இருக்கிறதுதான் நல்லது என்று ஊரும் விட்டுவிட்டது.

தவசிக்கனியின் நிலைமைதான் மோசம். ஊரிலேயே வெளுத்த நாய் கலெக்டர், ஊரிலேயே கறுத்த நிழலும் அதற்குத்தான். நாயைக் காலையிலும் மாலையிலும் வெளியே கூட்டிப்போகாவிட்டால் அது வீட்டுக்குள் செய்துவைக்கும், சொர்ணத்தாய், அதாவது அவர் மனைவி, அதைப் பொறுத்துக்கொள்கிறவள் இல்லை. ஆகவே அவர் கல்யாண மண்டபத்தில் பெண் அழைப்புக்குப் பிடிக்கிற பெரிய குடை ஒன்றை வாங்கினார். சரிகைத் தொங்கல் வைத்த அந்தக் குடையை நாய்க்குமேல் பிடித்துக்கொண்டு, தான் வெயிலில் நடந்துபோனார். குடையின் நிழல் நாயின் நிழலை விழுங்கிவிடும். சங்கத் தலைவர் கலெக்டருக்குக் குடை பிடிக்கிறார் என்று பையன்கள் பாடினார்கள், அவர் காதில் வாங்கவில்லை, வாங்கினால் குடை சரியும்.

சங்கம் அரிசி மில் குடோனில் கூடியது. ஆதிலிங்கம் போய்விட்டு வந்து சொன்னார், புஷ்பகனி ஒவ்வொரு சொல்லையும் பல்லைப் பிடுங்குகிற மாதிரி பிடுங்கினாள்.

“என்னதான் முடிவு பண்ணுனாவ?”

“தரையில விழுறது தரைக்குச் சொந்தமாம்.”

“என்னது?”

“தோலுல இருக்கிறதுதான் நாயோடது. நிழலு தரையில விழுறதுனால தரையோடது. அதனால நிழலை வச்சு நாயைத் தள்ளக்கூடாதுன்னு தீர்மானம். எல்லாரும் கை தூக்குனாவ.”

“நீங்களுமா?”

“எல்லாரும் தூக்கும்போது நான் மட்டும் கையை எங்க வைக்க?”

“அப்ப நிறத்தோட பிறக்குற குட்டி?”

“அது தோலுல இருக்குல்லா,” என்றார் ஆதிலிங்கம். “அது பழையபடி ஊருக்குத்தான்.”

புஷ்பகனி சிரித்தாள். ஊரே தனக்குள்ளே புலியையும் கரியையும் வைத்துக்கொண்டு, வெளியே எட்டிப் பார்த்த குட்டியை மட்டும் கிணற்றில் போடுமாம். போட்டால் மட்டும் என்ன, ஒரு நாயில் இல்லாவிட்டால் இன்னொன்றின் தோலுக்கடியில் அது பத்திரமாக உட்கார்ந்து அடுத்த ஈற்றுக்குப் போய்க்கொண்டுதானே இருக்கிறது. இத்தனை தலைமுறையாக நிறத்தைக் கழுவுகிறோம் என்று நினைத்துக் கழுவினது கையை மட்டும்தான். இதையெல்லாம் அவள் சத்தமாகவே சொன்னாள், சுவர் கேட்டது, ஆதிலிங்கம் குளிக்கப் போய்விட்டார்.

இதற்குள் நித்யகலா ஒரு காரியம் செய்திருந்தாள். கூடையைத் தன் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்துக்கொண்டு, யாரிடமும் கேட்காமல் யாருக்கும் சொல்லாமல், நாட்களைச் சும்மா போகவிட்டாள்; ஒரு காலையில் கறுப்புக் குட்டி கண் திறந்து அவளைப் பார்த்தது, மத்தியானத்துக்குள் மற்றதெல்லாம் திறந்துவிட்டது. கண் திறந்த குட்டியைக் கிணறு வாங்காது.

மாப்பிள்ளை மதன் அன்றைக்குப் போன் செய்தான். கூட்டுறவு வங்கியில் வேலை. வீட்டில் பேச முடியாமல் வங்கி மாடிப்படியில் நின்று, கிசுகிசுவென்று பேசினான்.

“அத்த, அப்பா எறங்கி வந்துட்டாவ. குட்டிகளைக் கிணத்துல போட வேண்டாம், வெளியூர்ல யாருக்காவது குடுத்துட்டா போதும்ங்காவ. நாய் சுத்துனதுன்னு ஒரு வார்த்தை மட்டும்…”

“அந்த வார்த்தையை நீங்க சொல்லுங்க மாப்பிள்ள, எங்க வாயில ஏன் திணிக்கிய?”

“நான் எப்படி அத்த சொல்ல முடியும்?”

“ஏன், மாடிப்படியில நின்னுதானே பேசுறிய. நாலு படி ஏறி நின்னு சத்தமாச் சொல்லுங்க.”

நித்யகலா போனை வாங்கினாள். “நாயும் வரும், குட்டியும் வரும், நானும் வருவேன். இல்லன்னா ஒண்ணும் வராது,” என்று சொல்லி வைத்துவிட்டாள். புஷ்பகனி மகளைப் பார்த்தாள். இவளுக்கு இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று யோசிக்க அவசியம் இருக்கவில்லை.

மனிதர்களின் நிழலைப் பற்றியும் ஊர் யோசிக்காமல் இல்லை. ஆரம்பத்தில் எல்லாரும் அவரவர் நிழலை அவரவர் கள்ளத்தனமாகப் பார்த்துக்கொண்டார்கள், வங்கி மேனேஜர் நிழலும் வண்ணான்குளத்து மாடு மேய்ப்பவர் நிழலும் ஒரே அழுக்குக் கறுப்பாக இருந்ததில் சிலருக்கு நிம்மதி, சிலருக்கு ஏமாற்றம். இருந்தாலும் பெண் பார்க்க வருகிறவர்கள் சாயங்காலம் நாலு மணிக்கு வர ஆரம்பித்தார்கள், வந்தவர்கள் காற்று வாங்கலாமே என்று பெண்ணை மொட்டைமாடிக்குக் கூப்பிட்டார்கள். ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் தராசுக்காரர்தான் ஒரு விளக்கம் சொன்னார்: பெரியவர்களுக்கு முற்றிப்போய்விட்டது, இனி தெரியாது, புதிதாகப் பிறக்கிற குழந்தையின் நிழலில்தான் உள்ளது உள்ளபடி விழும். அதைச் சொன்ன நாளிலிருந்து ஊரில் யாருக்கும் குழந்தை பிறக்கவில்லை. பெறவேண்டிய வரிசையில் முதலில் இருந்தவள் நித்யகலா.

சொர்ணத்தாய் அதற்குப் பிறகு கோயிலில் புஷ்பகனியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வதை நிறுத்திவிட்டாள். பக்கத்தில் வந்து நின்று, “டாக்டரு எந்தத் தேதி சொல்லியிருக்காவ, மதினி?” என்று கேட்டாள்.

“ஏன், நாய்க்கா?” என்றாள் புஷ்பகனி.

சொர்ணத்தாயும் நல்ல சிவப்பு, மதனும் சிவப்பு, நித்யகலாவும் சிவப்பு. பெண் கேட்டு வந்த அன்றைக்கு, ஜோடி பொருத்தம் பார்க்கவே வேண்டாம், பாலும் பாலும் சேர்ந்தமாதிரி என்று சொர்ணத்தாய்தான் சொன்னாள். ஆனால் நித்யகலாவின் தாத்தா, ஆதிலிங்கத்தின் அப்பா, அட்டைக் கறுப்பு. அவர் போட்டோ கூடத்தில் மாலையோடு தொங்கியது. சொர்ணத்தாய் வந்துபோன நாட்களில் அந்தப் போட்டோவை எத்தனை தடவை நிமிர்ந்து பார்த்தாள் என்பதைப் புஷ்பகனி கவனித்தே வந்திருக்கிறாள்.

ஆனி பிறந்ததும் சாரல் இறங்கியது. மலையிலிருந்து புகைமாதிரி வந்து ஊருக்குமேல் உட்கார்ந்துகொண்டது, வெயில் என்று ஒன்று இருந்ததே மறந்துபோகும்படி, துணி காயாமல், தீப்பெட்டி பற்றாமல், உப்பு ஜாடியில் தண்ணீர் விட்டுப்போய், வாரக்கணக்கில் பெய்யாமலும் நிற்காமலும் தூறிக்கொண்டிருந்தது. வெயில் இல்லாததால் நிழல் இல்லை, நிழல் இல்லாததால் நாய்கள் மறுபடியும் வெறும் வெள்ளை நாய்களாக இருந்தன, பந்தல்களைப் பிரித்தார்கள், தவசிக்கனி குடையைத் தன் தலைக்குமேல் பிடித்தார். ஊருக்கு மனசு லேசாகிவிட்டது. அல்லியின் குட்டிகள் தாயளவுக்கு முக்கால் வாசி வளர்ந்து முற்றத்தில் செம்பருத்திச் செடியைப் பிடுங்கிப்போட்டன, தெருவில் போகிறவர்கள் அவற்றைப் பார்த்து, ‘அந்தப் புலிவரி நல்லாத்தான் இருக்கு’ என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள், சத்தமாகச் சொல்லவில்லை.

அந்தச் சாரலில் குழந்தை பிறந்தது. பெண். பிறந்த குழந்தை எல்லாம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது, அவித்த இறால்மாதிரி சிவந்து, சுருங்கி, யார்மீதோ கோபமாக. நர்ஸ் அதைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போனதும் தினமும் கொஞ்சநேரம் இளம் வெயிலில் காட்டுங்கள் என்றாள். வெயிலுக்கு நாங்கள் எங்கே போக என்றாள் புஷ்பகனி.

ஆனால் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலையில் வெயில் வந்தது. மேகத்தில் ஒரு கிழிசல் விழுந்து, அதன் வழியாக, கூடத்து ஜன்னலுக்குள், தொட்டில் இருந்த இடத்துக்குக் கொஞ்சம் இப்பால்வரை ஒரு பட்டை வெயில் நீண்டது. புஷ்பகனி தொட்டிலை நோக்கிப் போனாள், குழந்தையைத் தூக்க இரண்டு கையையும் நீட்டினாள், பிறகு திரும்பிப் போய் ஜன்னல் கதவைச் சாத்தினாள்.

“ஏம்மா சாத்துற?” என்றாள் நித்யகலா.

“கண்ணு கூசும் புள்ளைக்கு.”

புஷ்பகனி அடுக்களைக்குப் போய், செய்ய ஒரு வேலையும் இல்லாமல், கழுவி வைத்த பாத்திரத்தை மறுபடியும் கழுவினாள். பாத்திரம் கைதவறி விழுந்தது, அதைத் திட்டினாள். அவளுக்குக் கட்டமும் தெரியும், மாவும் கேஸும் தெரியும், எது எங்கே ஒளிந்திருந்து எப்போது வெளியே வரும் என்று ஊருக்கே எடுத்துச் சொல்லத் தெரியும். எல்லாம் தெரிந்தவள் ஏன் ஜன்னலைச் சாத்தினாள் என்று யாராவது கேட்டிருந்தால் அவர்கள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

பிள்ளை பிறந்து பதினாறு நாள் கழிந்து அவர்கள் வந்தார்கள். தவசிக்கனி, சொர்ணத்தாய், மதன், பூ, பழம், குழந்தைக்கு அரைஞாண் கொடி, வாடகைக் கார். காரோடு பின்னால் சுமை ஆட்டோவும் வந்திருந்தது. அதைப் பார்த்ததும் புஷ்பகனிக்குப் புரிந்துவிட்டது. தவசிக்கனி காப்பியை வாங்கிக்கொண்டு, அதைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

“குட்டிகளும் வரட்டும், மதினி. ஆட்டோ கொண்டாந்திருக்கேன்.”

“நாய் சுத்துனது?”

“அது என்னத்துக்கு இப்ப? என் நாய்க்கே உள்ள என்ன கெடக்குன்னு ஊர் பாத்தாச்சு,” என்றார் அவர். புலிவரிக் குட்டி வந்து அவர் வேட்டியைக் கடித்து இழுத்தது. அவர் அதன் தலையைத் தட்டிக் கொடுத்தார், முதலில் தயங்கி, பிறகு நன்றாகவே. “ஆளு கெத்தாத்தான் இருக்கான்.”

நித்யகலாவின் பெட்டி முந்தின நாளே கட்டி வைக்கப்பட்டிருந்தது. அவள் ஜெயித்திருந்தாள், கேட்டதெல்லாம், கேட்ட வரிசையில், நாய், குட்டி, தான் என்று கிடைத்திருந்தது. மதன் குழந்தையைத் தூக்கத் தெரியாமல் தூக்கி, பாத்திரக் கடையில் கண்ணாடி ஜாடி வாங்கினவன் மாதிரி நின்றான். ஆதிலிங்கம் பழத்தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் நல்லபடியாகவே போய்க்கொண்டிருந்தது.

சொர்ணத்தாய் மகனிடமிருந்து பேத்தியை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். நெற்றியை வழித்துத் திருஷ்டி கழித்தாள், விரல்களை எண்ணினாள், அப்புறம் நம் பெண்கள் எல்லாரும் செய்வதுபோல, குல்லாவை விலக்கிக் காது மடலின் ஓரத்தைப் பார்த்தாள், அங்கேதான் பின்னால் வரப்போகிற நிறம் முதலில் எழுதியிருக்கும் என்று. வலது காதைப் பார்த்தாள். இடது காதைப் பார்த்தாள். மறுபடியும் வலது காது. விளக்கு போடாத கூடம், சாரல் நாள், ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. அவள் நிமிர்ந்து, மாலைக்குள் இருந்த போட்டோவைப் பார்த்தாள்.

அப்போது வெளியே வெளுத்தது. தூறல் நின்று, ஏரிப் பக்கமிருந்து வெயில் நடந்துவந்து, முற்றத்துச் சிமெண்டுத் தரைமுழுக்க விரிந்தது. ஈரத் தரை என்பதால் கண்ணாடிமாதிரி பளபளத்தது. அல்லி போய் அதில் படுத்தது. குட்டிகள் அதைச் சுற்றி ஓடின. கூடத்திலிருந்த எல்லாருமே அந்த வெயிலைப் பார்த்தார்கள், பார்க்காததுபோல ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். மதன் தன் செருப்பைத் தேடினான். நித்யகலா அம்மாவைப் பார்த்தாள், புஷ்பகனி ஜன்னலைப் பார்த்தாள்.

“மதினி,” என்றாள் சொர்ணத்தாய், குழந்தையை மடியிலிருந்து கொஞ்சம் தூக்கி, யாராவது வாங்கிக்கொள்வார்கள் என்பதுபோல முன்னால் நீட்டிக்கொண்டு. “நர்ஸுகூட வெயில்ல காட்டச் சொன்னாவளாம்லா. பிள்ளையை அந்த முத்தத்துல ஒரு நிமிசம் கொண்டுபோய்ப் பிடிங்களேன்.”

ஆதிலிங்கம் பழத்தட்டைக் கீழே வைத்தார். தவசிக்கனியின் காப்பியில் ஆடை படர்ந்துவிட்டது.

“சும்மா ஒரு நிமிசந்தான், மதினி. பிடிங்களேன்.”